பச்சை அட்டையும் பர்மனென்ட்டும்

கார்டு தபாலில் வந்த அன்று முதல் ஃபோன் அம்மாவுக்குத்தான் போட்டேன். இங்கே மிச்சிகனில் ராத்திரி ஒன்பது மணி. அங்கே கோலார் தங்கவயலில், அதாவது எங்க கேஜிஎஃப்ல, காலை ஆறரை. அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்திருப்பார்.

"அம்மா, கிரீன் கார்டு வந்துடுச்சு."

"வந்துடுச்சா! மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டா. பதினோரு வருசமா இதே பேச்சுதான?"

"ஆமாம்மா. இனிமே இங்க பர்மனென்ட்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "உங்கப்பாவும் பர்மனென்ட்டாதான்டா இருந்தாரு."

இது நடந்தது 2021-ல். அந்த ஒரு வரி அதற்கப்புறம் என்னை விடவே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கிரீன் கார்டு என்ற பேர் எங்கிருந்து வந்தது, அதில் பச்சை எங்கே, பர்மனென்ட் எங்கே என்று உட்கார்ந்து தேடினேன். தேடியதில் கொஞ்சம் அமெரிக்கா, நிறைய கேஜிஎஃப் வந்துவிட்டது. ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு கொசுவத்தி தானாகச் சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன காமெடி. விஷயம் குடியாத்தத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போனது. தமிழ்நாட்டில் ரொம்ப காலம் அரிசி வாங்குகிற ரேஷன் கார்டு பச்சை, சர்க்கரை மட்டும் வாங்குகிற கார்டு வெள்ளை. பெரியம்மாவின் முதல் கேள்வி: "பச்சை கார்டா? மாசம் எத்தினி கிலோ அரிசி போடுவான் அமெரிக்காகாரன்?" எங்க வீட்டுத் தங்கமணி விழுந்து விழுந்து சிரித்தார். (கேஜிஎஃப்காரன் மனைவியைத் தங்கமணி என்று எழுத முழு உரிமை உண்டு :-)) ஆனால் யோசித்துப் பார்த்தால் பெரியம்மா கேட்டதில் தப்பே இல்லை. கார்டை அதன் நிறத்தால் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கி ஐரோப்பா எரிந்துகொண்டிருந்த நேரம். நாட்டுக்குள் இருக்கும் வெளிநாட்டுக்காரர்களில் எவன் உளவாளியோ என்று அமெரிக்காவுக்குப் பயம். 1940 ஜூன் 28-ம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் ஏலியன் ரெஜிஸ்ட்ரேஷன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஸ்மித் சட்டம் என்றும் அதைச் சொல்வார்கள். குடியுரிமை இல்லாத, 14 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எங்கே? பக்கத்துத் தபால் ஆபீசில். அந்த வருடம் ஆகஸ்ட் 27-ல் ஆரம்பித்து டிசம்பர் 26 வரை ஜனங்கள் தபால் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள். படிவம் நிரப்பினார்கள், விரல்களை மையில் தோய்த்து ரேகை கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர்.

பதிவு செய்தவர்களுக்குக் கொஞ்ச நாள் கழித்துத் தபாலில் ஒரு சின்ன அட்டை வந்தது. ஏஆர்-3 என்று அதற்குப் பெயர். அது என்ன அட்டை தெரியுமா? ரசீது! 'இன்னார் பதிவு செய்துகொண்டார்' என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். இங்கே வாழ உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. முறையாக வந்தவனுக்கும் அதே ரசீது, திருட்டுத்தனமாக வந்தவனுக்கும் அதே ரசீது.

போர் முடிந்தபின் தபால் ஆபீஸ் பதிவு நின்றுபோய், துறைமுகத்தில் இறங்கும்போதே பதிவு என்று ஆனது. யார் எதற்கு வருகிறார் என்பதைப் பொறுத்து வேறு வேறு படிவம். சுற்றிப்பார்க்க வந்தவருக்கு ஒன்று, தற்காலிகக் கூலி வேலைக்கு வந்தவருக்கு ஒன்று, இங்கேயே தங்க வந்தவருக்கு ஒன்று. கடைசியாகச் சொன்னவருக்குக் கொடுத்த அட்டையின் எண் ஐ-151. அதன் நிறம் பச்சை.

1950-ல் அடுத்த திருப்பம். கம்யூனிஸ்ட் பயம் தலைக்கேறியிருந்த சமயம். அதிபர் ட்ரூமன் வீட்டோ போட்டும் கேட்காமல் அமெரிக்க காங்கிரஸ் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் தொடர்ச்சியாக 1951-ல் பழைய ஏஆர்-3 ரசீதுகள் செல்லாது, எல்லாரும் அதைக் கொடுத்துவிட்டுப் பச்சை ஐ-151 வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. இங்கேதான் சூட்சுமம். முறையாக வந்ததற்கு ஆதாரம் காட்ட முடிந்தவர்களுக்கு மட்டும்தான் பச்சை அட்டை. காட்ட முடியாதவர் ரசீதை நீட்டினால் பிடித்து நாடு கடத்தினாலும் கேட்பாரில்லை. ஆக, எல்லாரிடமும் இருந்த ரசீது, சிலரிடம் மட்டும் இருக்கிற பத்திரமாக ஆனது. பச்சை வைத்திருந்தவன் நிம்மதியாகத் தூங்கினான்.

அந்த அட்டையின் அதிகாரபூர்வப் பெயர் ஏலியன் ரெஜிஸ்ட்ரேஷன் ரிசீட் கார்டு. அந்நியர் பதிவு ரசீது அட்டை. நாலு தடவை சொன்னால் நாக்கு சுளுக்கும். வைத்திருந்தவர்கள், வக்கீல்கள், குடியேற்ற அதிகாரிகள் எல்லாரும் சுருக்கமாக 'பச்சை அட்டை' என்றார்கள். ஆக, அந்தப் பேர் எந்தச் சட்டத்திலும் பிறக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் வாயிலும் கவுன்டருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் வாயிலும் பிறந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. கள்ள அட்டை அடிப்பவர்களைச் சமாளிக்க அரசாங்கம் அட்டையின் வடிவத்தை அடிக்கடி மாற்றியது. 1964-ல் நிறமே மாறியது. நீலம்! 1977-ல் ஐ-551 என்று புது எண்ணில், இயந்திரம் படிக்கிற பல வண்ண அட்டை வந்தது. நடுவில் ஒரு காலத்தில் இளஞ்சிவப்பு. மறுபடி பச்சைக்குத் திரும்பியது 2010 மே மாதத்தில்தான். நடுவில் 46 வருடம் கிரீன் கார்டு கிரீனாகவே இல்லை. பேர் மட்டும் அசையவில்லை.

இதில் நம்மாட்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1917 சட்டம் இந்தியா உள்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவைச் சாத்தியது. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' இல்லை, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 1946-ல் லூஸ் - செல்லர் சட்டம் வந்து, வருடத்துக்கு 100 இந்தியர் வரலாம் என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்தது. நிஜமாகக் கதவு திறந்தது 1965 அக்டோபரில் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால். அதற்கப்புறம்தான் நம்ம ஊர் டாக்டர்களும் இன்ஜினியர்களும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவு திறந்தது 1965. நிறம் மாறியது 1964. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் வந்து, கோயில் கட்டி, தமிழ்ச்சங்கம் ஆரம்பித்து, நமக்கெல்லாம் பொங்கல் விழாவில் இலை போட்ட அந்தத் தலைமுறை கையில் வாங்கிய கிரீன் கார்டு பச்சையாக இருந்ததே இல்லை. எங்க ஊர்க் கோயிலில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "ஆமாம்ப்பா, என்னுது நீலம். அப்ப நான் அதை யோசிக்கவே இல்லை" என்று சிரித்தார்.

நிற்க. இப்போது பர்மனென்ட் விஷயம்.

கேஜிஎஃப்ல அது சாதாரண வார்த்தை இல்லை. 'பையன் பர்மனென்ட்டா?' என்பதுதான் பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி. கான்ட்ராக்ட் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. பர்மனென்ட் என்றால் மாசச் சம்பளம், லைன் வீடு, கம்பெனி ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சுரங்கத்துக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கணும். பாறை வெடித்துச் சிதறும் 'ஏர் பிளாஸ்ட்' எப்போது வரும் என்று தெரியாது. நாற்பது வயதில் மார்ச்சளி பிடித்தால் அது சிலிக்கா தூசியாகவும் இருக்கலாம். இத்தனைக்கும் மேல் அந்த ஒரு வார்த்தைக்காக ஆட்கள் தவம் கிடந்தார்கள். அப்பா பர்மனென்ட் ஆன அன்று பாட்டி தெருவுக்கே பாயசம் கொடுத்தாராம்.

எங்கள் ஆட்கள் அந்த ஊருக்கு வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1802-லேயே ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார லெப்டினன்ட், ஊரிகம் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அதைப் படித்துவிட்டு மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1871-ல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தார். அவரால் பெரிதாக ஒன்றும் தோண்ட முடியவில்லை. 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கைக்கு விஷயம் வந்தபிறகுதான் தங்கம் கொட்டியது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருக்களுக்கு மின்விளக்கு வரும் முன்பே எங்கள் சுரங்கத்துக்குக் கரண்ட்!

தோண்டியது யார்? வடாற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையார்களுக்கும் தப்பி வந்த ஜனங்கள். பெரும்பாலும் தமிழ் பேசுகிற தலித் மக்கள். என் கொள்ளுத் தாத்தாவும் குடியாத்தம் பக்கத்திலிருந்து அப்படி வந்தவர்தான். அவர்களுக்கு வரிசை வரிசையாகத் தட்டி வீடுகள் போட்டுக் கொடுத்தது கம்பெனி. அதுதான் லைன். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், கோரமண்டல் என்று எங்கே போனாலும் லைன். நாலு தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே செத்தது. நாலு தலைமுறைக்கும் வீடு கம்பெனியுடையது.

ஆனால் எந்த ஊர் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பெங்களூரில் நாங்கள் 'தமிழ்க்காரர்'. குடியாத்தத்துக்குக் கல்யாணத்துக்குப் போனால் 'கர்நாடகாக்காரங்க வந்துட்டாங்க'. இங்கே வந்து "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்று கேட்டபோது எனக்கு அது புதுக் கேள்வியாகவே படவில்லை.

இந்த இடத்தில் தாத்தாவைக் கூட்டிவர வேண்டும். கிரீன் கார்டுக்கும் எங்கள் ஊருக்கும் இருக்கிற நிஜத் தொடர்பு அவருடைய விரலில்தான் இருக்கிறது.

1930. ஊரில் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்று பக்கத்துப் பக்கத்தில் சுரங்கக் கம்பெனிகள், எல்லாவற்றையும் நடத்தியது அதே ஜான் டெய்லர். தங்கம் திருடு போகிறது, ஆட்கள் பேரை மாற்றிக்கொண்டு ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள் என்பது நிர்வாகத்தின் தலைவலி. தொழிலாளிகள் எல்லாரையும் விரல் ரேகை வாங்கிப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முறையான சங்கம் வேரூன்றாத காலம் அது. கூலி உயர்வுக்காக இல்லை, விரல் ரேகைக்காக!

தாத்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. "பேரு எங்கிட்டதான்டா இருக்குது. வேணும்னா மாத்திக்குவேன். ரேகைய மாத்த முடியுமா?" என்று சொல்வாராம். சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது புரிகிறது. ஒரு மேஸ்திரி பகைத்துக்கொண்டால் பக்கத்துச் சுரங்கத்தில் வேறு பேரில் சேர்ந்து பிழைக்கலாம். அவர் கையில் இருந்த ஒரே சுதந்திரம் அது. ரேகையைக் கொடுத்துவிட்டால் அதுவும் போச்சு. அதோடு, ரேகை என்றால் போலீஸ், போலீஸ் என்றால் திருடன். நான் திருடனா என்கிற ரோஷம்.

ரோஷத்துக்கு நியாயம் இருந்தது. ஆளை அடையாளம் காண ரேகை வாங்குகிற பழக்கம் வளர்ந்ததே இந்தியாவில்தான். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துக்குப் பதில் உள்ளங்கை அச்சு வாங்கினார். பேச்சு மாறக்கூடாது என்பதற்காக. 1897-ல் கல்கத்தாவில் போலீசுக்காக ரேகைக் காப்பகம் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உழைத்து உருவாக்கியவர்களில் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் முக்கியமானவர்கள். பேர் என்னவோ மேலதிகாரி ஹென்றிக்குப் போனது. அங்கிருந்துதான் லண்டன் போலீசுக்கு, பிறகு உலகத்துக்கு.

தாத்தாவுக்கு முன்பே நம்மாட்கள் இதே சண்டையைக் கடல் கடந்தும் போட்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லாரும் ரேகை கொடுத்துப் பதிவுச் சீட்டு வாங்கிக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று 1907-ல் சட்டம் வந்தது. 1908 ஆகஸ்ட் 16-ல் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். காந்தியோடு அங்கே தம்பி நாயுடு முன்னணியில் நின்றார், ஏராளமான தமிழர்கள் கூட நின்றார்கள். சத்தியாக்கிரகம் வளர்ந்ததே ஒரு பதிவுச் சீட்டை மறுத்துத்தான்.

இப்போது என் கதை. பயோமெட்ரிக்ஸ் எடுக்க டெட்ராய்ட் பக்கத்து ஆபீசுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. லீவு போட்டு, நல்ல சட்டை போட்டு, அரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். பத்து விரலையும் கண்ணாடி மேல் வைத்தேன். இடது கட்டைவிரல் சரியாகப் பதியவில்லை என்றார்கள். பதறிப்போய், "மறுபடி வைக்கட்டுமா மேடம்?" என்று நானே கேட்டேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோதுதான் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் கொடுக்க மாட்டேன் என்று வேலைநிறுத்தம் செய்தார். நான் கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வெட்கப்பட்டேனா? கொஞ்சம். ஆனால் தாத்தா நிலைமை வேறு, என் நிலைமை வேறு. அவரைக் கட்டிப்போட ரேகை கேட்டார்கள். நான் கட்டவிழ்த்துக்கொள்ளக் கொடுத்தேன். எச்1பி-யில் இருந்த வருடங்களில் வேலை போனால் மூட்டை கட்டணும், வேலை மாற்ற யோசிக்கணும், ஊருக்குப் போனால் திரும்பி வர ஸ்டாம்பிங் கிடைக்குமா என்று வயிற்றைக் கலக்கும். வேலை வழியாக வருகிறவர்களுக்கு வருடத்துக்கு 1,40,000 கார்டுகள்தான், எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 1990 சட்டம் சொல்கிறது. குட்டி நாட்டுக்கும் அதே ஏழு, இந்தியாவுக்கும் அதே ஏழு. நாம் வரிசையில் தலை நரைத்து நிற்பதன் ரகசியம் இதுதான். நடுவில் 2014-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து பதினாறாம் நாள் தூதரக வரிசையில் நின்றேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

அப்பா விரலைப் பற்றி ஒன்று சொல்லணும். ஆதார் எடுத்தபோது அவர் ரேகை மெஷினில் விழவே இல்லை. முப்பது வருடம் பாறையும் டிரில்லும் பிடித்துத் தேய்ந்துபோன விரல்கள். நாலைந்து தடவை முயற்சி செய்தார்கள். தாத்தா கொடுக்க மறுத்தார், அப்பா கொடுக்க நினைத்தும் இல்லை, நான் கொடுத்தேன். மூன்று தலைமுறைக் கதை இவ்வளவுதான்.

பர்மனென்ட்டாக இருந்த அப்பா என்ன ஆனார்? 1956-ல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போனது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. அரசாங்க வேலையே ஆகிவிட்டது, இதைவிட பர்மனென்ட் உண்டா? 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடிவிட்டார்கள். 120 வருடத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த பூமி. தோண்டி எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைவிட அதிகமாகிவிட்டது, கணக்குப்படி அது சரிதான். ஆனால் வேலை பர்மனென்ட் என்று பெண் கொடுத்தவர்கள் எந்தக் கணக்கைப் பார்க்க? அடுத்த நாளிலிருந்து விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அப்பாவும் போனார், ஐம்பத்து மூன்று வயதில், ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக.

இந்தக் காதோடுதான் நான் 'பர்மனென்ட் ரெசிடென்ட்' என்ற வார்த்தையைக் கேட்கிறேன். அட்டையின் தலைப்பில் அந்த வார்த்தை வந்ததே 1990-களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் முகப்பில் 'ரெசிடென்ட் ஏலியன்' என்று இருந்தது. பேர் மாறினாலும் பழைய பதிவேட்டின் சுவடு போகவில்லை. உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் நீளமான எண் ஏ-நம்பர். அந்த 'ஏ' ஏலியன். 1940 தபால் ஆபீஸ் வரிசையிலிருந்து வருகிற எண் வரிசை அது. வீடு மாறினால் பத்து நாளைக்குள் தெரிவிக்க வேண்டிய படிவம் ஏஆர்-11. அந்த ஏஆர், அதே ஏலியன் ரெஜிஸ்ட்ரேஷன். பதினெட்டு வயது ஆனவர்கள் கார்டை எப்போதும் கூடவே வைத்திருக்கணும் என்பதும் சட்டம். நம்மில் எத்தனை பேர் லாக்கரில் பூட்டி வைத்திருக்கிறோம்! கார்டுக்குப் பத்து வருடம்தான் ஆயுள், புதுப்பிக்கணும். ரீ-என்ட்ரி பர்மிட் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால், இங்கே வாழ்வதையே கைவிட்டுவிட்டீர்கள் என்று சொல்ல இடம் உண்டு. வயதான அப்பா அம்மாவைக் கிரீன் கார்டில் கூட்டி வந்து, ஊரிலேயே அதிக நாள் விட்டு வைப்பவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். (நான் வக்கீல் இல்லை. அடி வாங்கியவர்களைப் பார்த்தவன்.)

பேருக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இல்லாமல் போவது மற்ற நாட்டிலும் உண்டு. ஜெர்மனி 2000-ல் கம்ப்யூட்டர் ஆட்களுக்கு ஒரு அனுமதி கொடுத்தது. அதற்கும் 'கிரீன் கார்டு' என்றே பேர் வைத்தார்கள், ஆனால் ஐந்து வருடத்துக்கு மட்டும்! சிங்கப்பூரில் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, நிரந்தரவாசிக்கு நீலம். பாலத்தைத் தாண்டி மலேசியா போனால் நீலம்தான் குடிமகனுக்கு, நிரந்தரவாசிக்குச் சிவப்பு. அங்கேயே பிறந்து வளர்ந்து, பிறப்புப் பத்திரம் சரியில்லாமல் சிவப்பு அட்டையோடு காலம் தள்ளிய தமிழ்ப் பெரியவர்கள் உண்டு. ஒரே நீலம், பாலத்துக்கு இந்தப்பக்கம் ஒரு அர்த்தம், அந்தப்பக்கம் ஒரு அர்த்தம்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கிரீன் கார்டு பிறந்தது அந்நியர்களை எண்ணி வைக்கிற ஒரு ரசீதாக. அதை எண்ணப்பட்ட ஜனங்கள் செல்லப்பேர் வைத்து, கனவு கண்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற பொருளாக மாற்றினார்கள். எங்க ஊரிலும் கம்பெனிக்காரன் போட்ட தட்டி லைனைத்தான் ஜனங்கள் கோயிலும் சர்ச்சும் திருவிழாவுமாக ஊராக மாற்றினார்கள். காகிதம் கொடுத்தவன் நினைத்தது வேறு, வாழ்ந்தவர்கள் அதில் போட்டு நிரப்பியது வேறு. ஆனால் காகிதத்தை மட்டும் நம்பி பர்மனென்ட் என்று மார்தட்டக்கூடாது. அம்மாவின் அந்த ஒரு வரிக்கு அர்த்தம் அதுதான்.

போன மாசம் அம்மாவிடம், "இங்கயே வந்துடும்மா, இப்ப எல்லாம் சுலபம்" என்றேன்.

"நான் வந்துட்டா இந்த வூட்ட யாரு பாத்துக்குவா?"

"அது நம்ம வூடே இல்லையேம்மா. பட்டாகூட இல்ல."

"எம் மாமியா காலத்துலேர்ந்து நாந்தான்டா சாணி போட்டு மொழுவுறேன். பட்டா இன்னாத்துக்கு?"

பதில் சொல்ல முடியவில்லை. என் சாவிக் கொத்தில் அப்பாவின் பித்தளை டோக்கன் தொங்குகிறது. சுரங்கத்துக்குள் இறங்குமுன் கொடுத்துவிட்டு, மேலே வந்தபின் திரும்ப வாங்குகிற டோக்கன், நம்பர் போட்டது. உள்ளே போனவன் திரும்பி வந்தானா என்று பார்க்க. மூடிய வருடம் யாரும் திரும்பக் கேட்கவில்லை, அவரிடமே தங்கிவிட்டது. பர்ஸில் என் கார்டு, அதிலும் நம்பர். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

உங்க வீட்டில் முதலில் வந்தவர் கார்டு என்ன நிறம்? பழைய பெட்டியில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டுங்கள். பச்சையாக இருக்காது, பந்தயம் கட்டுகிறேன் :-)